52 எச்ஆர்சி இருந்தும் டை ஏன் பிளக்கிறது?

கோவையில் ஃபோர்ஜிங் பட்டறை, அதாவது சூடான எஃகை டை எனும் அச்சில் அடித்து வடிவமாக்கும் பட்டறை, நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருப்பது (எச்ஆர்சி என்பது ராக்வெல் மெஷின் காட்டும் கடின எண்):

"எங்களிடம் 400 டன் ஃப்ரிக்‌ஷன் ஸ்க்ரூ பிரஸ் இருக்கிறது. 20எம்என்சிஆர்5 எஃகில் ஒன்றே கால் கிலோ கியர் பிளாங்க் அடிக்கிறோம். டை இன்சர்ட் எச்13 (சூட்டில் வேலை செய்யும் டூல் எஃகு). 200 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கம்பியில் அறுத்து, 120 மி.மீ. உயரத்துக்குச் செய்து, போல்ஸ்டரில் (டையைத் தாங்கும் பீடம்) ஆப்பு வைத்து இறுக்குகிறோம். முன்பு 46 எச்ஆர்சி வைத்திருந்தோம். நாலாயிரம் அடித்ததும் ஹப் குழியின் (கியரின் நடுமேடு உருவாகும் குழி) வாய் மழுங்கி, ஃபிளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் உபரி உலோகம்) தடித்துவிடும். தேய்மானம் குறையட்டும் என்று 52 கேட்டு வாங்கினோம். அதன்பிறகு கீழ் டை மூன்றும் ஆயிரத்தை ஒட்டியே குழியின் அடிமூலையில் விரிசல் விட்டு, வெளிவிளிம்பு வரை பிளந்துவிட்டன. ஹீட் ட்ரீட்மென்ட் சர்டிஃபிகேட்டில் 52 என்று சரியாகத்தான் இருக்கிறது. எஃகை 1.2714-க்கு மாற்றவா? 46-லேயே வைத்து நைட்ரைடிங் செய்தால் ஓடுமா? பிளந்த டையை வெல்ட் பண்ணலாமா? 52-இல் இன்னும் இரண்டு டை தயாராக இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?"

வணக்கம். முன்பு உங்கள் டை தேய்ந்தது, இப்போது பிளக்கிறது. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். தேய்ந்ததற்குக் காரணம் பார்க்காமல் கடினத்தை ஏற்றியதால்தான் பிளப்பு வந்திருக்கிறது. எஃகை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. எச்13 இந்த வேலைக்குப் பொருத்தமான எஃகுதான். அதை எப்படிக் காய்ச்சினார்கள், எப்படிக் குளிரவைத்தார்கள், எத்தனை முறை டெம்பர் செய்தார்கள் (கடினமாக்கிய எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவது) என்பதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் சர்டிஃபிகேட்டில் அது ஒன்றுமே இல்லை, கடைசியில் வந்த ஓர் எண் மட்டும் இருக்கிறது.

அந்த எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று பாருங்கள். எச்13-ஐ 1025 டிகிரியில் காய்ச்சிக் குளிரவைத்த உடனே அளந்தால் 52 முதல் 54 வரை காட்டும். அதையே 250 டிகிரியில் ஒப்புக்கு ஒருமுறை டெம்பர் செய்தாலும் 52 பக்கம்தான் காட்டும். 500 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்யும்போது மாலிப்டினமும் வனேடியமும் நுண்ணிய கார்பைடுகளாகப் பிரிந்து கடினம் மறுபடி ஏறும். அந்த உச்சத்தைத் தாண்டி 550 டிகிரிக்கு வரும்போதும் 52 காட்டும். ஆக, டெம்பரே ஆகாத டைக்கும் முறையாக டெம்பர் ஆன டைக்கும் ராக்வெல் மெஷின் ஒரே எண்ணைத்தான் காட்டும். அடி தாங்கும் குணத்தில், அதாவது டஃப்னஸில், அவை ஒன்றல்ல. போதாததற்கு, முறைப்படி செய்து 52-க்குக் கொண்டுவந்தாலும் எச்13-க்கு டஃப்னஸ் மிகவும் தாழ்ந்து நிற்பது 500 முதல் 550 டிகிரி வரை டெம்பர் செய்யும்போதுதான். ஆழக் குழியுள்ள ஃபோர்ஜிங் டைக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. உங்கள் வேலைக்கு 46 முதல் 48 போதும். குழி இன்னும் ஆழமாக, சுவர் மெலிந்து இருந்தால் 44 முதல் 46. 50-க்கு மேல் என்பது ஆழமில்லாத சிறிய இன்சர்ட்டுக்கும், துளைபோடும் பஞ்ச் கருவிக்கும்தான்.

பிளந்த மூன்று டைகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றையாவது முழுதாகப் பிளந்து விரிசலின் முகத்தைப் பாருங்கள். விரிசலுக்குள் கிராஃபைட் புகுந்து கறுத்திருக்கும், அதை முதலில் மண்ணெண்ணெய் விட்டுத் தூரிகையால் நன்றாகக் கழுவுங்கள். கழுவிய பிறகும் மூலையை ஒட்டிய பகுதி கருநீலமாகவோ, ஒட்டிப்பிடித்த கறுப்பு ஆக்சைடாகவோ இருந்தால், விரிசல் க்வென்ச்சிலேயே, அதாவது காய்ச்சிய டையை வேகமாகக் குளிரவைக்கும்போதே, விழுந்திருக்கிறது என்று பொருள். டெம்பரிங் உலையின் சூட்டில் அதன் முகம் ஆக்சைடு பிடித்திருக்கிறது. பிரஸ்ஸில் ஏற்றும்போதே அந்த டை விரிசலோடுதான் ஏறியது. வாக்குவம் உலையில் செய்திருந்தால் இந்த நிறம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மூலையில் ஒரு புள்ளியில் தொடங்கி அரைவட்ட வரிகள் விரிந்து போயிருந்தால், அது ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த அயர்ச்சி விரிசல். அப்படியானால் மூலையின் ரேடியஸ், மேற்பரப்பின் நிலை, டை உட்கார்ந்த விதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வரி எதுவும் இல்லாமல் முழு முகமும் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாகச் சர்க்கரைப் பரல் போல இருந்தால், மணி (எஃகின் உள்ளே உள்ள நுண்படிகம்) பருத்தோ, டஃப்னஸ் இழந்தோ போன எஃகு ஒரே அடியில் உடைந்திருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகச் சூடு, அல்லது டெம்பர் போதாமை, அல்லது டையைப் பச்சையாகக் குளிரிலேயே அடித்தது.

ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போகும் முன் எஃகைப் பற்றி ஒரு விஷயம். நீங்கள் உருண்டைக் கம்பியைக் குறுக்கே அறுத்து இன்சர்ட் செய்கிறீர்கள். கம்பியின் நார் அதன் நீளவாக்கில் ஓடும். எனவே உங்கள் டையில் நார் செங்குத்தாக நிற்கிறது, கம்பியின் நடுமையம் சரியாக ஹப் குழிக்குக் கீழே வருகிறது. தனிமங்கள் ஒதுங்கிச் சேர்வதும், பெரிய கார்பைடுகள் கூடுவதும் அந்த நடுமையத்தில்தான் அதிகம். அடி விழும்போது உள்ளிருந்து வெளிப்புறமாகத் தள்ளும் விசை டையை வளையம் போல விரிக்கப் பார்க்கிறது. அப்போது திறக்கும் விரிசல், நாருக்கு இணையாக, எஃகு மிகவும் பலவீனமாக இருக்கும் தளத்திலேயே ஓடுகிறது. மூலையில் தொடங்கி வெளிவிளிம்பு வரை பிளந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு பொருந்துகிறது. சதுர பிளாக்காக, எல்லாத் திசையிலும் அடித்து வளர்த்த எஃகாக, நார் படுக்கைவாக்கில் இருக்கும்படி வாங்க முடிந்தால் நல்லது. உருண்டைக் கம்பிதான் கிடைக்கும் என்றால், எலக்ட்ரோ ஸ்லாக் முறையில் மறுபடி உருக்கிய தரத்தைக் கேளுங்கள். சாதாரண எச்13-இல் கந்தகம் 0.030 சதவீதம் வரை அனுமதி உண்டு. டைக்கு வாங்கும்போது 0.005-க்கு மேல் போகக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஹீட் நம்பரோடு (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) சர்டிஃபிகேட், அல்ட்ராசோனிக் சோதனை இரண்டையும் கேளுங்கள். வந்ததும் கலவை பார்க்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் 0.40-ஐ ஒட்டியும், குரோமியம் 5-ஐ ஒட்டியும், மாலிப்டினம் 1.1-க்கு மேலும், வனேடியம் 0.8-க்கு மேலும் இருக்க வேண்டும். வனேடியம் 0.4 என்று வந்தால் அது எச்11. கெட்ட எஃகு இல்லை, ஆனால் நீங்கள் காசு கொடுத்த எஃகு அதுவல்ல.

இனி ஹீட் ட்ரீட்மென்ட். அந்த வேலையை எடுத்துச் செய்பவரிடம் "52 வேண்டும்" என்று சொல்லி டையைக் கொடுத்தால், அவர் 52 கொடுப்பார், அவர் மேல் குறை சொல்ல முடியாது. பின்வருவதை எழுத்தில் கொடுத்து, உலையின் வெப்பநிலைப் பதிவையும் டையோடு சேர்த்துத் திருப்பிக் கேளுங்கள்.

முரட்டு மெஷினிங் முடிந்ததும் 600 முதல் 650 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட வேண்டும். வெட்டும்போது உள்ளே தங்கிய இழுவிசை இதில் தீரும். இதைத் தவிர்த்தால் ஹார்டனிங்கில் டை வளையும், வளைந்ததை அரைத்துச் சரிசெய்யப் போய் ஒரு பக்கம் மெலியும்.

ஹார்டனிங்குக்கு ஏற்றும்போது இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும். முதலில் 600 முதல் 650 டிகிரி, அடுத்து 820 முதல் 850 டிகிரி. ஒவ்வொன்றிலும் டையின் நடுவும் மேற்பரப்பும் ஒரே சூட்டுக்கு வரும்வரை நிற்கட்டும். அதன்பின் 1010 முதல் 1030 டிகிரி. நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு அரை மணி நேரம். உலை மீட்டர் 1020 காட்டுவதை வைத்து நேரத்தை எண்ணக் கூடாது. பல மஃபிள் உலைகளில் தெர்மோகப்பிளின் நுனி கூரையை ஒட்டி இருக்கும், தரையில் கிடக்கும் டையின் சூடு வேறாக இருக்கும். டையின் பின்பக்கத்தில் மெல்லிய துளை போட்டு அதற்குள் ஒரு தெர்மோகப்பிள் வைத்தால்தான் உண்மை தெரியும். 1050-ஐத் தாண்டினால் மணி பருக்கும், டஃப்னஸ் விழும், கடினமோ கொஞ்சம் கூடவே காட்டும். 960, 970-இல் நிறுத்தினால் கார்பைடு முழுதாகக் கரையாது. பிறகு குறைந்த சூட்டில் டெம்பர் செய்து 46-ஐ எட்டிவிடலாம்தான், ஆனால் அந்த 46 பிரஸ்ஸில் நாலு மணி நேரச் சூட்டுக்குத் தாங்காது. உங்கள் பழைய டைகள் அப்படி இருந்தனவா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றுப் படாத உலை இல்லையென்றால் மேல்தோலில் கார்பன் எரிந்துபோகும். தோல் மென்மையாகி, உள்ளே கடினமாக இருக்கும். அந்தத் தோலில்தான் வெப்ப விரிசல் முதலில் வலை வலையாக விழும். மஃபிளில் செய்வதானால் எல்லா முகத்திலும் 1 மி.மீ. அலவன்ஸ் விட்டு, பிறகு அரைத்து எடுத்துவிடுங்கள். கடினம் அளப்பதும் குறைந்தது அரை மி.மீ. அரைத்த பிறகுதான். அரைக்காத தோலில் அளந்து, கடினம் குறைவு என்று மறுபடி காய்ச்சிக் கெடுத்த டைகள் நிறைய.

குளிரவைப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். எச்13 காற்றிலேயே கடினமாகும் எஃகு என்பதால், உலையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கடினம் வந்துவிடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் இன்சர்ட் 29 கிலோ. அந்தப் பருமனில் சும்மா காற்றில் ஆறினால், 1000-இலிருந்து 540-க்கு இறங்க எடுக்கும் நேரத்தில் கார்பைடு மணி எல்லைகளில் கோடு கோடாகப் படியும். அடுத்து, மெதுவாக ஆறும்போது உருவாகும் பெய்னைட் என்ற உள்ளமைப்பும் கலந்துகொள்ளும். ராக்வெல்லில் இது எதுவும் தெரியாது. அடித்து உடைத்து டஃப்னஸை அளக்கும் சார்பி சோதனையில்தான் தெரியும். எல்லைகளில் கார்பைடு படிந்த டைக்கு எந்த டெம்பரும் டஃப்னஸைத் திருப்பித் தராது. வட அமெரிக்க டை காஸ்டிங் சங்கம் எச்13-க்கு வைத்திருக்கும் 207-ஆம் எண் தர விதி, மேற்பரப்பு நிமிடத்துக்குக் குறைந்தது 28 டிகிரி வேகத்தில் 540 வரை இறங்க வேண்டும் என்கிறது. அது டை காஸ்டிங்குக்கு எழுதப்பட்டது, ஆனாலும் அதே எஃகு, அதே உருமாற்றம். ஃபோர்ஜிங் டைக்கும் அதையே கேளுங்கள். உங்கள் அளவு இன்சர்ட்டுக்கு வாக்குவம் உலையில் 5, 6 பார் நைட்ரஜன் க்வென்ச் இருந்தால் இந்த வேகம் சுலபமாகக் கிடைக்கும். சுவரும் அடியும் பருமனில் மிகவும் வேறுபட்டால், 400 முதல் 450 டிகிரிக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, நடுவும் வெளியும் நெருங்கியதும் தொடரச் சொல்லலாம். வளைவும் விரிசலும் குறையும்.

மஃபிள் உலைதான் கையில் இருக்கிறது என்றால், 50 முதல் 70 டிகிரி வரை சூடான எண்ணெயில் இறக்கி, சிவப்பு மறைந்து டை கறுத்ததும், அதாவது 500 முதல் 550 டிகிரியில், வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் ஆற்ற வேண்டும். கடைசிவரை எண்ணெயிலேயே விட்டால் மூலைகளில் க்வென்ச் விரிசல் நிச்சயம். 300 டிகிரிக்குச் சற்று மேலிருந்தே மார்ட்டன்சைட், அதாவது எஃகின் கடினமான உள்ளமைப்பு, உருவாகத் தொடங்கிவிடும், எஃகு பருக்கும், அந்த நேரத்தில் வெளியும் உள்ளும் வெவ்வேறு சூட்டில் இருந்தால் மூலைதான் கிழியும். ஹப் துளையையும் போல்ட் துளைகளையும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத செராமிக் பஞ்சால் அடைத்துவிடுங்கள்.

டை 50, 60 டிகிரிக்கு வந்தவுடன் டெம்பரிங் உலைக்குப் போய்விட வேண்டும். சனிக்கிழமை மாலை க்வென்ச் செய்து, திங்கட்கிழமை டெம்பர் என்று வைத்தால் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொடாமலே டை பிளந்து கிடக்கும். முதல் டெம்பர் 560 முதல் 570 டிகிரி, நேரம் 25 மி.மீ. பருமனுக்கு ஒரு மணி, எப்படியும் இரண்டு மணிக்குக் குறையாமல். பிறகு அறை வெப்பநிலை வரை முழுதாக ஆற வேண்டும். இங்கே அவசரப்படுபவர்கள் அதிகம். க்வென்ச்சில் மாறாமல் மிஞ்சிய ஆஸ்டனைட் (காய்ச்சிய சூட்டில் எஃகுக்கு இருக்கும் உள்ளமைப்பு), முதல் டெம்பர் முடிந்து ஆறும்போதுதான் மார்ட்டன்சைட்டாக மாறுகிறது. அது புத்தம்புது மார்ட்டன்சைட், கண்ணாடித் தன்மை. அதைப் பதப்படுத்தத்தான் இரண்டாவது டெம்பர். ஒரே டெம்பரில் விட்ட டை, அந்தப் புது மார்ட்டன்சைட்டை அப்படியே பிரஸ்ஸுக்குக் கொண்டுவருகிறது.

இரண்டாவது டெம்பரின் சூடுதான் கடைசிக் கடினத்தை முடிவுசெய்யும். 1025-இல் காய்ச்சிய எச்13-க்கு 575 டிகிரியில் 50-ஐ ஒட்டியும், 600-இல் 46, 47-ம், 620-இல் 43, 44-ம் வரும். ஹீட்டுக்கு ஹீட் ஒன்றிரண்டு எண் மாறும். அதனால் முதல் டெம்பருக்குப் பின் அளந்து, 590-இல் தொடங்கி மேலே போவது பாதுகாப்பு. கடினம் கூட இருந்தால் மறுபடி இறக்கலாம், இறங்கிப் போனதை ஏற்ற முடியாது. மூன்றாவது டெம்பர், கடைசிச் சூட்டைவிட 25, 30 டிகிரி குறைவில், ஸ்பார்க் வேலையெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க் என்றதும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. குழியை ஹார்டனிங்குக்குப் பிறகு ஈடிஎம்மில் (மின்பொறியால் எஃகை அரித்தெடுக்கும் மெஷின்) இறக்குகிறீர்களா? அப்படியானால் குழியின் தோலில் உருகி உறைந்த வெள்ளைப் படலம் ஒன்று இருக்கும். அது டெம்பர் ஆகாதது, அதற்குள் முடிபோன்ற விரிசல்கள் ஏற்கனவே இருக்கும். பெரிய கரண்டில் வேகமாக இறக்கியிருந்தால் படலமும் தடிமனாக இருக்கும். கடைசிச் சுற்றைக் குறைந்த கரண்டில் ஓட்டி, பிறகு கல்லால் தேய்த்து 0.05 முதல் 0.1 மி.மீ. எடுத்து, அதன்பிறகு நான் சொன்ன மூன்றாவது டெம்பரைக் கொடுங்கள். அடிமூலையில் தேய்ப்பது சிரமம் என்று அங்கே மட்டும் விட்டுவிடுவது வழக்கம். விரிசல் தொடங்குவது அங்கேதான்.

அந்த அடிமூலையின் ரேடியஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 2 மி.மீ. என்றால் 4 அல்லது 5 ஆக்குங்கள். கியர் பிளாங்க் எப்படியும் லேத்தில் கடையப்படுகிறது, வாடிக்கையாளரிடம் பேசினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். அதோடு இன்சர்ட்டுக்கு ஷ்ரிங்க் ரிங் போடுங்கள். ஆப்பு ஓரிரு இடத்தில்தான் அழுத்துகிறது, வளையம் சுற்றிலும் அழுத்தும். இஎன்24 எஃகில், 30 முதல் 34 எச்ஆர்சிக்குப் பதப்படுத்திய வளையம், 200 மி.மீ. விட்டத்துக்கு 0.4 முதல் 0.5 மி.மீ. இறுக்கம் விட்டுக் கடைந்து, 350 முதல் 400 டிகிரிக்குச் சூடாக்கி இறக்குங்கள். ஆறியதும் அது இன்சர்ட்டை நிரந்தரமாக உள்நோக்கி அழுத்தி வைக்கும், அடியின் விரிக்கும் விசையில் ஒரு பெரும்பகுதி அதற்கே செலவாகும். செங்குத்து நாரின் பலவீனத்துக்கும் இதுதான் நல்ல பதில். டையின் அடிமுகத்தில் மார்க்கிங் புளூ தடவிப் போல்ஸ்டரில் உட்காரவைத்துப் பாருங்கள். நடுவில் நிறம் படவில்லையென்றால் அங்கே பள்ளம். ஒவ்வோர் அடிக்கும் டை நடுவில் தொய்ந்து எழுகிறது. தகடு வைத்துச் சமாளிக்காமல் போல்ஸ்டரை அரையுங்கள்.

காலையில் டையை எப்படிச் சூடாக்குகிறீர்கள்? பழுக்கக் காய்ச்சிய பில்லட்டை (அடிக்கப்போகும் எஃகுத் துண்டு) குழியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் வழக்கம் உங்களிடமும் இருந்தால் அன்றே நிறுத்துங்கள். குழியின் தோல் டெம்பர் இழந்து மென்மையாகும், பத்து மி.மீ. கீழே எஃகு இன்னும் குளிர்ந்தே இருக்கும். எச்13 அறை வெப்பநிலையில் இருப்பதைவிட 200 டிகிரியில் கணிசமாகக் கூடுதல் டஃப்பாக நடந்துகொள்ளும். கேஸ் பர்னர் வளையமோ, சிறிய மின் உலையோ வைத்து 200 முதல் 250 டிகிரிக்கு உள்வரை சூடேற்றுங்கள், 120 மி.மீ. உயர டைக்கு நாலைந்து மணி நேரமாகும். வெப்பநிலைக் கிரேயான் கொண்டு பக்கவாட்டில் கோடு போட்டுப் பாருங்கள். மதிய இடைவேளையிலும் பர்னர் சின்னதாக எரியட்டும். இதில் பெரிய செலவு இல்லை, ஆனால் முதல் ஐம்பது அடிகளில் உடையும் டைகளில் பெரும்பாலானவற்றை இதுவே காப்பாற்றும்.

இனி, ஆரம்பத்தில் இருந்த தேய்மானம். கிடங்கில் பழைய 46 டை ஒன்று கிடந்தால், மழுங்கிய வாய்ப்பகுதியில் ஒரு துண்டை வயர்-கட்டில் எடுத்து, வெட்டுமுகத்தைப் பாலிஷ் செய்து, விக்கர்ஸ் கடினத்தைத் தோலிலிருந்து 0.2, 0.5, 1, 3, 10 மி.மீ. ஆழங்களில் அளக்கச் சொல்லுங்கள். கோவையில் இதைச் செய்யும் லேப்கள் இருக்கின்றன. 46 எச்ஆர்சி என்பது ஏறக்குறைய 460 விக்கர்ஸ். பத்து மி.மீ. ஆழத்தில் 460-ம், தோலருகே 350-ம் வந்தால், உங்கள் டை தேயவில்லை, சூட்டில் மென்மையாகி நசுங்கியிருக்கிறது. அப்படி மென்மையாகும் டையை 52-இல் தொடங்கினாலும் சில நூறு அடிகளில் தோல் அதே 350-க்கு வந்துசேரும். ஹார்டனிங் சூடு குறைவாக இருந்ததா என்ற சந்தேகத்துக்கும் இங்கேதான் விடை கிடைக்கும். 1,020-இல் முறையாகக் கரைந்த எஃகு இவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதுவும் சரியாக இருந்தால், பில்லட் டையில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். பிளாங்கைக் குழியிலிருந்து தள்ளிவிடும் நாக்-அவுட் உடனே வேலை செய்கிறதா, பிளாங்க் ஒட்டிக்கொண்டு இடுக்கியால் தட்டி எடுக்க வேண்டியிருக்கிறதா என்று நின்று பாருங்கள். கிராஃபைட்டை ஒவ்வோர் அடிக்கும் மெல்லிய பனியாகத் தெளியுங்கள். குழியில் தேங்கும்படி ஊற்றினால் குளிர் அதிர்ச்சியில் வெப்ப விரிசல் விழும்.

தோலிலும் உள்ளேயும் ஒரே கடினம் வந்தால் அது உண்மையான உராய்வுத் தேய்மானம், குற்றவாளி பெரும்பாலும் ஸ்கேல். எண்ணெய் உலையில் சூடாக்கும் பில்லட்டின் மேல் கெட்டியான ஆக்சைடு இருக்கும். முதலில் தட்டையான முகத்தில் ஓர் அடி கொடுத்து உயரத்தைக் குறைத்தால் ஸ்கேல் உதிரும், அதைக் காற்றடித்துத் துடைத்துவிட்டுக் குழிக்கு மாற்றுங்கள். ஃபிளாஷ் வாயில் ரேடியஸ் சிறிதாக இருந்தாலும் அங்கே உலோகம் அறுத்துக்கொண்டு ஓடும்.

1.2714 பற்றி: நிக்கல் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் உள்ள, மிக டஃப்பான எஃகு. நம் பட்டறைகளில் டிபி6 என்று வருவது இந்த வகைதான். 830 முதல் 870 டிகிரியில் காய்ச்சி எண்ணெயில் குளிரவைத்து, ஹேமர் டைக்கு 38 முதல் 42 எச்ஆர்சியில் வைப்பார்கள். ஹேமரில் அடி பலமாகவும், டையோடு தொடும் நேரம் மிகக் குறைவாகவும் இருப்பதால் அங்கே அது அருமையாக ஓடும். உங்கள் பிரஸ்ஸில் பில்லட் கூடுதல் நேரம் தொட்டுக்கொண்டிருக்கிறது. மாலிப்டினமும் வனேடியமும் குறைந்த அந்த எஃகு எச்13-ஐவிடச் சீக்கிரம் மென்மையாகும், ஏற்கனவே வாய் மழுங்குவதுதான் உங்கள் புகார். இன்சர்ட்டுக்கு வேண்டாம். போல்ஸ்டருக்கு நல்லது.

நைட்ரைடிங், அதாவது தோலில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது, பிளப்பு தீர்ந்த பிறகு. 46, 47-இல் முறையாக டெம்பர் ஆன டைக்கு 510 முதல் 530 டிகிரியில் 0.1 முதல் 0.2 மி.மீ. ஆழம் போதும். தோல் 1,000 விக்கர்ஸ் வரை போகும், உராய்வுத் தேய்மானம் நன்றாகக் குறையும். மேலே வெள்ளைக் கூட்டுப் படலம் தடிக்காதபடி செய்யச் சொல்லுங்கள், அது கூரான விளிம்பில் சில்லு சில்லாகப் பெயரும். நைட்ரைடிங் சூடு கடைசி டெம்பரைவிட 25 டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும். 52-க்கு டெம்பர் செய்த டைக்கு அந்த இடைவெளி கிடைப்பது கடினம்.

வெளிவிளிம்பு வரை பிளந்த டைகளை வெல்ட் செய்ய வேண்டாம். குழியின் வாயில் தேய்ந்ததை நிரப்புவது வேறு. அதற்கு டையை 350 முதல் 400 டிகிரிக்கு முழுதும் சூடாக்கி, அந்தச் சூடு இறங்காமல் எச்13-க்கு ஒத்த கம்பியால் போட்டு, மெதுவாக ஆற்றி, பழைய டெம்பர் சூட்டைவிட 25 டிகிரி குறைவில் மறுபடி டெம்பர் செய்தால் நிற்கும். ஊடுருவிய விரிசலுக்கு மேல் போட்ட வெல்டுக்குக் கீழே விரிசல் அப்படியேதான் இருக்கும்.

கையில் இருக்கும் இரண்டு டைகளை அப்படியே ஏற்றாதீர்கள். முதலில் குழி முழுவதும், முக்கியமாக அடிமூலையில், பெனட்ரன்ட் சோதனை (விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம் தடவிப் பார்ப்பது) செய்யுங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த டையோடு அவ்வளவுதான். கோடு இல்லையென்றால் ஹீட் ட்ரீட்மென்ட் செய்தவரிடம் காய்ச்சிய சூடு, குளிரவைத்த முறை, டெம்பர் எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். 1,030-ஐத் தாண்டாமல் காய்ச்சி, கேஸ் க்வென்ச்சிலோ எண்ணெயிலோ வேகமாகக் குளிரவைத்திருந்தால் இரண்டும் மீளக்கூடியவை: 590 டிகிரியில் ஐந்து மணி நேரம், ஆற்றி அளந்து, 47-க்கு மேல் இருந்தால் 600-இல் மறுபடி ஒருமுறை. இது உங்கள் 120 மி.மீ. உயரத்துக்கான நேரம். சும்மா காற்றில் ஆறியது என்று அவர் சொன்னால் டெம்பர் உதவாது. அனீல் செய்து, 860 டிகிரியில் ஊறவைத்து மணிக்கு 20 டிகிரிக்கு மிகாமல் இறக்கி, முதலிலிருந்து ஹார்டனிங் செய்ய வேண்டியிருக்கும், அளவுகளும் மாறும். எந்த வழியானாலும் அடிமூலையை 4 மி.மீ. ரேடியஸுக்குத் திறந்து, கல் தேய்த்து, ஷ்ரிங்க் ரிங் ஏற்றிய பிறகே பிரஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். முதல் இருநூறு அடி முடிந்ததும் இறக்கி இன்னொரு முறை பெனட்ரன்ட் பாருங்கள். சுத்தமாக இருந்தால் நைட்ரைடிங்குக்கு அனுப்பலாம்.